டார்த் வேடர் உடை: ஹெல்மெட்டை வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் டார்த் வேடர் உடையை நானே செய்து காஸ்பிளே (கதாபாத்திரத்தைப் போலவே உடையணிந்து வருவது) போட வேண்டும். என் உயரம் 5 அடி 8 அங்குலம். தையல் ஓரளவு தெரியும். நண்பரிடம் 3டி பிரின்டர் இருக்கிறது. கையில் ஆறு மாதம் இருக்கிறது. நல்ல ஹெல்மெட் ஒன்றை முதலில் வாங்கிவிட்டு, மற்றதை அதற்கு ஏற்றபடி முடித்துக்கொள்ளலாமா?"

வேண்டாம். ஹெல்மெட்டைக் கடைசியில் செய்யுங்கள், அல்லது கடைசியில் வாங்குங்கள். வேடர் உடை போட்டவர்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான். பணத்தில் முக்கால்வாசியை ஹெல்மெட்டில் போட்டுவிட்டு, கழுத்துக்குக் கீழே பளபளக்கும் சாட்டின் துணியில் ஓர் அங்கியும் தொளதொளத்த பேன்ட்டும் மாட்டிக்கொண்டு வருவார்கள். போட்டோவில் தலை மட்டும் வில்லனாக இருக்கும். வேடரைப் பார்த்ததும் ஒரு பயம் வருகிறதே, அது முகமூடியால் மட்டும் வருவதில்லை. அகன்ற தோள், தரையை உரசும் கனமான துணி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்தாறு விதக் கறுப்பு, இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த உருவம். அதனால் உடம்பிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும், தலை கடைசி.

இந்த உடை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் நான் சொல்வதன் காரணம் புரியும். 1975-ல் ரால்ஃப் மெக்குவாரி முதல் ஓவியங்களை வரைந்தபோது, திரைக்கதையில் வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு வெட்டவெளியில் பாய்ந்து வருவதாக இருந்தது. விண்வெளியில் மூச்சு விட ஏதாவது வேண்டுமே என்று மெக்குவாரி ஒரு சுவாச முகமூடியைச் சேர்த்தார். அதுதான் அந்த முகம். ஜப்பானியச் சாமுராய் தலைக்கவசத்தின் சாயலும் அதில் இருக்கிறது. அந்த ஓவியத்தை உடையாக மாற்றியவர் ஜான் மொல்லோ. அவர் ராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். லண்டனில் உள்ள வாடகை உடை நிறுவனத்துக்குப் போய் ஒரு மோட்டார் சைக்கிள் தோல் உடை, ஒரு கேஸ் மாஸ்க், ஒரு ஜெர்மன் ராணுவ ஹெல்மெட், இடைக்காலத் துறவி ஒருவரின் அங்கி என்று வெவ்வேறு பிரிவுகளிலிருந்து எடுத்து ஒரே ஆள் மேல் போட்டுப் பார்த்ததில்தான் வேடர் உருவானார். அந்தப் படத்துக்காக மொல்லோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஹெல்மெட்டையும் கவசத்தையும் களிமண்ணில் செதுக்கியவர் பிரையன் மியூர். உடைக்குள் நின்றவர் டேவிட் ப்ரௌஸ், பளு தூக்கும் வீரர், உயரம் 6 அடி 6 அங்குலம்.

ஆக, தோல் உடை, கம்பளி அங்கி, மெருகேற்றிய கவசம் என்று தனித்தனிப் பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியை வேறு மாதிரி வாங்கும். இந்த வேறுபாட்டை உங்கள் உடையில் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, எந்த வேடர்? இதை முதல் வாரத்திலேயே முடிவு செய்து, பின்னால் மாற்றாதீர்கள். 1977 படத்தின் உடையும், 1980-ல் வந்த எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக் உடையும், 1983 உடையும், 2005 உடையும், 2016-ல் ரோக் ஒன்னில் வந்ததும் ஒன்றல்ல. கண்ணுக்கு உடனே தெரிகிற வித்தியாசம் தோளில் இருக்கிறது. 1977-ல் உள்ளங்கி தோள் கவசத்துக்கு மேலே விழுகிறது, கவசத்தின் நடுப்பகுதி மட்டும்தான் வெளியே தெரியும். 1980 முதல் கவசம் அங்கிக்கு மேலே வந்துவிட்டது. கண் கண்ணாடியும் அப்படித்தான். முதல் படத்தில் ஒளி பட்டால் அதில் ஒரு செம்மஞ்சள் சாயல் தெரியும், அடுத்த படத்தில் கறுப்பாகவே இருக்கும். ரோக் ஒன் கதை முதல் படத்துக்கு முன்னால் நடப்பதால் அதில் கண்ணாடியை மறுபடி சிவப்பாக்கினார்கள். மார்புப் பெட்டியின் பட்டன் அடுக்கும் படத்துக்குப் படம் மாறுகிறது. மியூர் கையால் செதுக்கிய முகத்தில் இடமும் வலமும் சமமாக இருக்காது. 2005-ல் அதைச் சமச்சீராக்கிவிட்டார்கள். 1977 முகத்தை 2005 பளபளப்போடும் 1980 தோளோடும் கலந்தால் யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாத ஒரு குறை கண்ணில் படும்.

உங்களுக்கு என் பரிந்துரை 1980 உடை. கவசம் மேலே இருப்பதால் கழற்றி மாட்டுவது சுலபம். மேலங்கியின் கனத்தைத் தாங்கவும் கவசமே உதவும்.

படங்களைத் திரட்டும்போது 501-வது லீஜன் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1997-ல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய அமைப்பு அது. ஸ்டார் வார்ஸ் வில்லன்களின் உடைகளை மட்டும் போட்டுக்கொண்டு மருத்துவமனைகளுக்கும் நன்கொடை நிகழ்ச்சிகளுக்கும் போகிறார்கள். ஒவ்வொரு உடைக்கும், எந்தப் பகுதி எந்தப் பொருளில், எப்படி இருக்க வேண்டும் என்று உறுப்பு உறுப்பாக எழுதிய ஒரு தரக் குறிப்பு நூலகத்தை வைத்திருக்கிறார்கள். உறுப்பினராகச் சேரும் எண்ணம் இல்லாவிட்டாலும் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இன்னொரு செய்தி எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது: ரசிகர்கள் வைத்த அந்த 501 என்ற எண்ணை 2005 படக்காலத்தில் வேடரின் படைக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் உயரம். ப்ரௌஸ் 198 செ.மீ., நீங்கள் 173. பூட்ஸுக்குள் ஐந்தாறு செ.மீ. உயர்த்தினால் 179 வருகிறது. 179-ஐ 198-ஆல் வகுத்தால் 0.9. அதாவது அசலில் 90 விழுக்காடு. மார்புப் பெட்டி, பெல்ட் பெட்டிகள், தோள் கவசம், கால் கவசம் எல்லாவற்றையும் இந்த 90 விழுக்காட்டில் செய்யுங்கள். அசல் அளவு மார்புப் பெட்டியை உங்கள் மார்பில் மாட்டினால் வயிறு வரை இறங்கி, உங்களை இன்னும் குள்ளமாகக் காட்டும். ஹெல்மெட்டை மட்டும் இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது, உள்ளே உங்கள் தலை போக வேண்டும். அதனால் தலை சற்றுப் பெரிதாகத் தோன்றும் ஆபத்து இருக்கிறது. அதை ஈடுகட்டத் தோளை அகலப்படுத்த வேண்டும். உள்ளே போடும் ஒரு இறுக்கமான பனியனில் தோள் மூட்டுக்கு மேலும் மார்புக்கு மேலும் 2 முதல் 3 செ.மீ. ஃபோம் தைத்துக்கொள்ளுங்கள். மேல்கையிலும் கொஞ்சம். கண்ணாடியில் பார்த்தால் கேலிக்கூத்தாகத் தெரியும் அளவு அகலம்தான், ஹெல்மெட் மாட்டியதும் சரியாக இருக்கும். எல்லா அளவுகளையும் இந்தத் திணிப்பும் பூட்ஸும் போட்டுக்கொண்ட பிறகே எடுங்கள். வெறும் உடம்பில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

துணி வாங்கப் போகும் முன் ஒரு சோதனை. கடையில் கறுப்பு என்று எடுத்துக் கொடுப்பதெல்லாம் கறுப்பு அல்ல. சில துணி எல்.ஈ.டி. வெளிச்சத்தில் பழுப்பு அடிக்கும், சில நீலம் அடிக்கும், சில ஃபிளாஷில் சாம்பலாகிவிடும். ஒவ்வொன்றிலும் கையகலத் துண்டு வாங்கி வந்து, வெயிலில் ஒன்று, டியூப் லைட்டில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு ஒன்று என்று போனில் படம் எடுத்துப் பாருங்கள். நான்கைந்து துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுக்க வேண்டும். அங்கிக்கு எடுக்கும் துணி ஒளியை விழுங்க வேண்டும், உடுப்புக்கு எடுக்கும் ரெக்ஸின் மெல்லிய மினுமினுப்போடு இருக்க வேண்டும், கவசம் மட்டும்தான் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி மின்னினால் கறுப்புப் பொதியாகத்தான் தெரிவீர்கள். சென்னைப் பக்கம் இருந்தால் துணிக்குச் சௌகார்பேட்டை, தோலுக்குப் பெரியமேடு.

உள் உடுப்புதான் இந்த உடையிலேயே அதிக உழைப்பு கேட்கும் பகுதி. அசல், தோலில் வரிவரியாகப் புடைத்த தையல் கொண்டது. உண்மையான தோலில் செய்தால் அழகு நிச்சயம், ஆனால் செலவும் வெக்கையும் பல மடங்கு. மெல்லிய, அதிகம் பளபளக்காத ரெக்ஸின் போதும். மேலே ரெக்ஸின், நடுவில் 5 அல்லது 6 மி.மீ. ஃபோம், அடியில் பருத்தித் துணி என்று மூன்றடுக்கு வைத்து, சமமான இடைவெளியில் கோடு கோடாகத் தைக்க வேண்டும். கைக்கும் காலுக்கும் உடலுக்கும் வரி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை உங்கள் படத்தின் ஸ்டில்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள்.

இதில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வரித் தையல் போட்டால் துணி சுருங்கும். ஃபோமின் தடிமனையும் வரியின் நெருக்கத்தையும் பொறுத்து ஒரு மீட்டரில் பல சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே அளவுக்கு வெட்டிவிட்டுத் தைக்கக் கூடாது. பெரிய பாளமாக வரித் தையலை முடித்துவிட்டு, அதன் மேல் பேட்டர்னை வைத்து வெட்டுங்கள். ரெக்ஸினில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், அதனால் கிளிப் போட்டுப் பிடியுங்கள். பிரித்துத் தைத்தாலும் பழைய ஓட்டை வரிசை தெரியும், எனவே முதல் தையலே சரியாக விழ வேண்டும். ஊசி 16-ம் எண், தையல் நீளம் 4 மி.மீ. அளவில். தையல் நெருக்கமாக இருந்தால் அந்த இடத்தில் ரெக்ஸின் தபால் தலை ஓரம் போலக் கிழியும். சாதாரண மிஷின் கால் ரெக்ஸினில் ஒட்டிக்கொண்டு நகராது, டெஃப்லான் கால் வாங்கிப் போடுங்கள்.

வீட்டு மிஷின் இந்தத் தடிமனுக்குத் திணறினால் கவலை வேண்டாம். கார் சீட் கவர் தைப்பவர்களிடம் போங்கள். ஃபோம் வைத்த ரெக்ஸினில் நேர்கோடு போடுவது அவர்களுக்குத் தினசரி வேலை. அதற்கான கனரக மிஷின் அங்கே இருக்கிறது, நூலும் கெட்டியாக இருக்கும். வரித் தையலை மட்டும் அவர்களிடம் கொடுத்து வாங்கி, வெட்டித் தைப்பதை நீங்களே செய்யலாம். அளவையும் இடைவெளியையும் சாக்பீஸால் கோடு போட்டே கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் டைமண்ட் டிசைன் போட்டுத் தந்துவிடுவார்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒரு சலுகை எடுத்துக்கொள்ளலாம். கவசமும் அங்கியும் மறைக்கும் முதுகிலும் வயிற்றிலும் ரெக்ஸின் தேவையில்லை, காற்றுப் போகும் வலைத் துணி வையுங்கள். கை, கால், கழுத்தோரம், மார்பின் தெரியும் பகுதி மட்டும் வரி ரெக்ஸின். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அங்கி இரண்டு. உள்ளங்கி கையில்லாதது, முன்பக்கம் திறந்து கணுக்கால் அருகே வரை விழும். மேலங்கி தோளிலிருந்து தரை வரை. கம்பளி கலந்த கேபர்டின் (நெருக்கமாக நெய்த கெட்டித் துணி) கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், கனமும் மடிப்பும் அப்படியே வரும். இல்லாவிட்டால் கனமான பாலியஸ்டர் சூட்டிங் துணி. சாட்டின், வெல்வெட் இரண்டும் வேண்டாம். மேலங்கிக்குக் கணக்கு இப்படி: அரை வட்டமாக வெட்டப் போகிறீர்கள், கழுத்துச் சுற்று 45 செ.மீ. என்றால் அதை 3.14-ஆல் வகுக்க, உள் ஆரம் சுமார் 14 செ.மீ. துணி 150 செ.மீ. அகலம் என்றால் வெளி ஆரம் 150. மீதி 136 செ.மீ. உங்கள் அங்கியின் நீளம். இதற்கு 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் துணி போதும். பூட்ஸ் உயரத்தையும் சேர்த்தால் தரைக்கு இது சற்றுக் குறையும், ஆகவே மேலே தோள் பகுதியில், கவசம் மறைக்கும் இடத்தில், ஒரு ஒட்டுத் துண்டு கொடுங்கள். நடக்கும்போது அங்கி பின்னால் பெருக வேண்டும் என்றால் அரை வட்டம் போதாது. முக்கால் வட்டம் எடுங்கள், துணி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். என்னைக் கேட்டால் ஹெல்மெட்டில் மிச்சம் பிடித்து இங்கே செலவழிப்பேன்.

வெட்டியதும் உடனே ஓரம் மடிக்காதீர்கள். சாய்வாக வெட்டுப்பட்ட பகுதி தன் கனத்தில் நீளும். இரண்டு நாள் தொங்க விட்டு, பிறகு பூட்ஸ் போட்டு நின்று இன்னொருவரைத் தரையிலிருந்து அளந்து சமப்படுத்தச் சொல்லுங்கள். கனமான அங்கியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டினால் தொண்டையை நெரிக்கும். சங்கிலி பார்வைக்கு மட்டும். எடையைத் தோள் கவசத்துக்கு அடியில் வைத்த பெல்ட் பட்டைகள் தாங்க வேண்டும், பிரஸ் பட்டனோ வெல்க்ரோவோ வைத்து அங்கியை அதில் பிணைத்துவிடுங்கள். யாராவது அங்கியை மிதித்தாலும் பட்டன் விடும், கழுத்து தப்பும்.

கவசத்துக்கு ஈவா ஃபோம் (ரப்பர் போல வளையும் ஃபோம் தாள்) போதுமா என்று பலரும் கேட்பார்கள். தோளுக்குப் போதும். 5 மி.மீ. ஃபோமை வெட்டி, ஹீட் கன் காட்டி வளைத்து, சீட் கவர்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையால் ஒட்டுங்கள். பசையை இரு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், சேர்த்த பின் நகர்த்த முடியாது. பெயின்டுக்கு முன் மேற்பரப்பு முழுக்க மெல்ல ஹீட் கன் காட்டினால் நுண்துளைகள் மூடும், இல்லையென்றால் ஃபோம் பெயின்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். தோளின் மேடு பள்ளப் பட்டைகளில் சில கறுப்பு, சில கன்மெட்டல் நிறம் (உலோக மினுக்குள்ள கருஞ்சாம்பல்). அந்த மாற்று நிறம் இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பட்டைகளே தெரியாது. கால் கவசத்துக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. 110 மி.மீ. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் முழங்காலுக்குக் கீழே அளவான வளைவு தயார். ஹீட் கன் காட்டி ஓரங்களைச் சற்று விரிக்கலாம், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், பி.வி.சி. கருகினால் வரும் புகை கெட்டது.

இப்போது ஹெல்மெட். இங்கே ஃபோம் வேண்டாம். வேடர் முகம் விறைப்பான பளபளப்பு, அசல் ஃபைபர் கிளாஸில் செய்தது. நண்பரின் பிரின்டரைப் பயன்படுத்துங்கள், ஆனால் முழுதையும் பிரின்ட் கொடுப்பதற்கு முன், மாடலின் அகலமான இடத்தில் 1 செ.மீ. உயரத்துக்கு ஒரு வளையத்தை மட்டும் வெட்டிப் பிரின்ட் எடுத்துத் தலையில் மாட்டிப் பாருங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் உள்ஃபோமும் விசிறியும் அடங்கும். முகமும் மேல்மூடியும் தனித்தனித் துண்டுகள். முகத்தை முதலில் மாட்டி, மூடியை மேலே வைக்கும் அமைப்பு. அப்படியே செய்யுங்கள், அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்களுக்குக் காற்று தரப்போகிறது.

பிரின்ட் பிளாஸ்டிக் எது என்று நண்பரிடம் கேளுங்கள். பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள், அதுவும் கறுப்பு பெயின்ட் அடித்த பொருள், அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஹெல்மெட் ஒரு பக்கம் சரிந்துவிட்டால் திருத்த வழியில்லை. பி.இ.டி.ஜி. என்றால் 80 டிகிரி வரை தாங்கும். பி.எல்.ஏ.தான் இருக்கிறது என்றால் உள்பக்கம் ஃபைபர் மேட்டும் ரெசினும் ஒரு அடுக்கு பூசிவிடுங்கள், பலமும் கூடும். அப்போதும் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அதற்கப்புறம் வருவது உப்புத்தாள் வேலை. 120-ம் எண் தாளில் தொடங்கி 220, பிறகு கார் பட்டியை மெல்லிய அடுக்காகப் போட்டு 320, அதன் மேல் பிரைமர், 600, கடைசியாகத் தண்ணீர் விட்டு 1000. பிரைமர் மேல் வேறு நிற ஸ்பிரேயை லேசாகத் தூவிவிட்டுத் தேய்த்தால் பள்ளங்களில் மட்டும் அந்த நிறம் நிற்கும், எங்கே பட்டி தேவை என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பளபளக் கறுப்பைப் போல இரக்கமில்லாத நிறம் வேறில்லை. ஒரு சின்ன அலையைக்கூட ஒளிக்க விடாது. டியூப் லைட்டுக்குக் கீழே ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள், லைட்டின் பிம்பம் நெளியாமல் வழுக்கிக்கொண்டு போனால் பரப்பு தயார். நடுங்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமைதான் கருவி, சுருக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது.

கடைசி பெயின்ட்டை டிங்கரிங் பெயின்டிங் கடையில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர் கோட்தான் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சு) அந்த ஆழமான மினுக்கைத் தரும். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆபத்து, வீட்டு மாடியில் சாதாரண மாஸ்க் போட்டு அடிக்கிற பொருள் அல்ல. தேய்க்கும் தூசிக்கு என்-95 போதும், பெயின்ட், ரெசின் ஆவிக்கு அது போதாது, கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். கடைக்குக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லுங்கள்: முகம் முழுக்க ஒரே கறுப்பு அல்ல. சில தளங்கள் கறுப்பு, அடுத்த தளங்கள் கன்மெட்டல். ஸ்டில் படத்தில் எந்தத் தளம் எது என்று குறித்து, நீங்களே மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுங்கள். இந்த இரட்டை நிறம்தான் கன்ன எலும்பையும் மூக்கின் கூர்மையையும் எடுத்துக் காட்டுவது. பொம்மைக் கடை வேடருக்கும் படத்து வேடருக்கும் நடுவே உள்ள தூரம் பெரும்பாலும் இதுதான்.

கண்ணுக்கு 2 மி.மீ. ஸ்மோக் நிற அக்ரிலிக். பைக் ஹெல்மெட் கண்ணாடிக்குப் போடும் ஆன்டி-ஃபாக் திரவம் தடவுங்கள். 40 மி.மீ. அளவில் 5 வோல்ட் விசிறி இரண்டு: தாடைக்குக் கீழே ஒன்று காற்றை உள்ளே தள்ள, உச்சியில் ஒன்று மூடி இடைவெளி வழியாக வெளியே தள்ள. இரண்டும் உள்ளே தள்ளினால் கண்ணாடி மேலும் மங்கும். விசிறியை ஃபோம் துண்டில் பதித்து ஒட்டினால் இரைச்சல் குறையும்.

மார்புப் பெட்டிக்கு 3டி பிரின்டோ அக்ரிலிக் ஷீட்டோ சரி. உள்ளே 5 வோல்ட் பவர் பேங்க், சிவப்பு எல்.ஈ.டி. ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர். எல்.ஈ.டி. மட்டும் இணைத்தால் பல பவர் பேங்குகள் சுமை இல்லை என்று நினைத்துச் சில நொடிகளில் தானே அணைந்துவிடும். ஹெல்மெட் விசிறியையும் அதிலேயே இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மூச்சுச் சத்தம் இல்லாமல் வேடர் இல்லை. படத்தில் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், நீர்மூழ்குபவர்கள் பயன்படுத்தும் சுவாசக் கருவிக்குள் சின்ன மைக் வைத்துப் பதிவு செய்ததுதான் அந்த மூச்சு. உங்களுக்கு டி.எஃப். பிளேயர் மினி என்ற சின்ன எம்.பி.3 பலகையும் 3 வாட் ஸ்பீக்கரும் போதும், பெட்டிக்குள்ளேயே அடங்கும். சென்னையில் ரிச்சி தெருவில் இவை எல்லாம் கிடைக்கும். பேசவும் வேண்டும் என்றால் டீச்சர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் வாய்ஸ் ஆம்ப் வாங்குங்கள். படத்தில் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலை யாராலும் கொண்டுவர முடியாது, குரல் மாற்றும் கருவிகள் தாமதமாக ஒலித்து உங்களையே குழப்பும். குறைவாக, மெதுவாகப் பேசினால் போதும்.

கையுறை, பூட்ஸ், வாள் மூன்றும் எளிது. சாதாரணக் கறுப்புத் தோல் கையுறையில் முழங்கைப் பக்கம் அகலும் கைப்பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். முழங்கால் வரை வரும் பூட்ஸ் விலை அதிகம் என்றால் கணுக்கால் பூட்ஸ் மேல் ரெக்ஸின் உறை போடுங்கள், முன்பக்கத்தைக் கால் கவசம் மறைத்துவிடும். வேடரின் வாள் பிடி 1977-ல் எம்.பி.பி. மைக்ரோஃபிளாஷ் என்ற பழைய கேமரா ஃபிளாஷின் கைப்பிடியிலிருந்து செய்தது. நீங்கள் பைப்பில் செய்யுங்கள். பொது நிகழ்ச்சிகளின் வாசலில் உலோகப் பொருட்களைத் தடுப்பது வழக்கம், முன்பே விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடை முடிந்ததும் கண்ணாடி முன் நடந்து பழக வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ப்ரௌஸின் உடல்மொழியைப் பாருங்கள்: பெல்ட்டில் கட்டைவிரலைக் கோத்த நிலை, நீண்ட அடி, ஒரு விரலை நீட்டிக் காட்டுவது. 1980, 1983 படங்களின் வாள் சண்டைகளில் உடைக்குள் இருந்தவர் பாப் ஆண்டர்சன் என்ற வாள்வீச்சு வீரர், ஆகவே நடைக்கு ஒருவரையும் சண்டைக்கு இன்னொருவரையும் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டோடு தலையைத் திருப்பும்போது தோளும் கூடவே திரும்பட்டும். கழுத்தை மட்டும் திருப்பினால் ஹெல்மெட் ஆடி, உள்ளே ஒரு மெல்லிய ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

ஆறு மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் மாதம் படங்கள், திணிப்பு, அளவு, துணிச் சோதனை. அடுத்த இரண்டு மாதம் உடுப்பு. நான்காவது மாதம் அங்கிகளும் கவசமும். ஹெல்மெட் பிரின்டை மட்டும் இரண்டாம் மாதமே ஓட விட்டு, தையலுக்கு நடுவே கை ஓயும்போது உப்புத்தாள் பிடியுங்கள். ஐந்தாம் மாதம் பெயின்டும் எலக்ட்ரானிக்ஸும். கடைசி மாதம் முழுக்க உடையைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதற்கு. சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான் (காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் விழா) வந்ததிலிருந்து மேடை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை, ஆனால் ஏ.சி. அரங்கிலும் இந்த உடைக்குள் வேர்த்து ஊற்றும். அரை மணிக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வேண்டும். கூடவே ஒரு நண்பர் கட்டாயம் வேண்டும்: கீழே படி இருப்பது உங்களுக்குத் தெரியாது, குழந்தைகள் காலுக்குப் பக்கத்தில் ஓடி வந்தால் தெரியாது. அவர் பையில் ரப்பர் பசை, கறுப்பு டேப், பாதுகாப்பு ஊசி, பிரஸ் பட்டன், இன்னொரு பவர் பேங்க், கவசத்தில் படும் கைரேகையைத் துடைக்க ஒரு மைக்ரோஃபைபர் துணி இருக்கட்டும்.